மாடிப்படிக்கு அடியில் சைக்கிள்கள்

அன்புள்ள ஐயா,

எம்82 என்ற கேலக்ஸி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நம் பால்வெளியைவிடச் சுமார் பத்து மடங்கு வேகத்தில் அங்கே நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்கிறீர்கள். அந்த வேகம் அடங்கினால் என்ன ஆகும்? ‘இறந்த கேலக்ஸி’ என்கிறார்களே, அதுவா? அடங்கிவிட்டது என்று எப்படித் தெரிகிறது?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படிக்கு அடியில் ஏழெட்டுச் சின்ன சைக்கிள்கள் நிற்கின்றன. டயரில் காற்றில்லை. ஒன்றின் கூடையில் வாட்ச்மேன் துடைப்பம் வைத்திருக்கிறார். ஓட்டிய பிள்ளைகள் இப்போது காலேஜில். மூன்று சக்கர வண்டி ஒன்றுகூடக் கிடையாது. முதல்முறை வருகிறவரே சொல்லிவிடுவார்: இங்கே ஒரே சமயத்தில் நிறையக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, அப்புறம் நின்றுவிட்டது.

கேலக்ஸியிலும் இதே கணக்குதான். நீலமாகக் கொதிக்கும் ராட்சத நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துத் தீர்ந்துவிடும். பிறப்பு நின்றால் முதலில் காணாமல் போவது அவைதான். அவற்றைவிடச் சிறிய, சிரியஸ் போன்ற வெண்ணிற ‘ஏ’ வகை நட்சத்திரங்கள் 100 கோடி ஆண்டு அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். கேலக்ஸியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் இவற்றின் ஆழமான, இருண்ட ஹைட்ரஜன் கோடுகள் இருந்து, புதுப் பிறப்பைக் காட்டும் ஒளிர்கோடுகள் இல்லையென்றால், பிறப்பு வெள்ளம் வடிந்து அதிக நாள் ஆகவில்லை என்று பொருள். இப்படிப்பட்டவற்றை 1983-இல் வானியலாளர்கள் டிரெஸ்லரும் கன்னும் அடையாளம் காட்டினார்கள்.

சரி, ஏன் நிற்கிறது? நட்சத்திரங்கள் உருவாகத் தேவையான வாயு தீர்ந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எம்82-இன் படத்தில் இருபுறமும் சிவப்பாகப் பீறிட்டு வெளியேறுவது வாயுதானே. ஆனால் 2015 வாக்கில் இந்த அடங்கிய கேலக்ஸிகளை, குளிர்ந்த வாயு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடின் ரேடியோ அலையில் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் வாயு தாராளமாகவே இருந்தது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, அடுப்பு பற்றவில்லை! வாயு கலங்கிக் கொந்தளிப்பதால் திரள முடியவில்லை என்கிறார்கள் சிலர். நடுவில் இருக்கும் கருந்துளையின் வேலை என்கிறார்கள் சிலர். சண்டை இன்னும் ஓயவில்லை.

‘இறந்த’ என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் வந்த நட்சத்திரத்தைக் கருந்துளை கிழித்துப் போடும் சம்பவங்கள், சாதாரண கேலக்ஸிகளைவிட இவற்றில்தான் பல மடங்கு அதிகமாகப் பிடிபடுகின்றன. செத்த வீட்டில் இவ்வளவு அமர்க்களமா?

பல கோடி ஆண்டுகள் போனால் பெரும்பாலானவை சிவந்து, வயதான நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சிய கேலக்ஸிகளாகிவிடும். ‘ஏ’ வகை நட்சத்திரம் ஒன்றை நேரில் பார்க்க விருப்பமென்றால் மார்கழியில் இரவு பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். தென்கிழக்கில், பெரம்பூர் வெளிச்சத்தையும் மீறி, சிரியஸ் தெரியும்.