மதுரைக்குப் போகாமலே திருப்பூர்லயே கேஸ் போடலாம்

தங்கச்சி, புள்ளையத் தூக்கிட்டு வந்து திருப்பூர்ல ஃப்ரெண்ட் வீட்ல இருக்கேன், புகார் குடுக்க மதுரைக்கே போகணுமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம்மா. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல நீங்க தற்காலிகமா தங்கியிருக்கற ஊர் கோர்ட்லயே மனு போடலாம், உங்க வீட்டுக்காரர் உங்கள நெருங்கக்கூடாது, போன் பண்ணக்கூடாதுன்னு பாதுகாப்பு உத்தரவும் கேக்கலாம்.

முதல்ல பெண்கள் உதவி எண் 181க்கு போன் போடுங்க, எந்நேரமும் எடுப்பாங்க, அவங்க கிட்டயே, மனு போட உதவுற பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பொம்பளைங்களுக்கு எல்லா உதவியும் ஒரே எடத்துல குடுக்கற ஒன் ஸ்டாப் சென்டர் ரெண்டையும் கேளுங்க. வக்கீல் ஃபீஸ நெனச்சு தயங்காதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, நம்பர் 15100.

எங்கக்கா வெளிய வந்தப்ப கால்ல செருப்பு கூட இல்ல, மஞ்சப்பையில புள்ளையோட தடுப்பூசி அட்டை மட்டும்தான், ஆனா நாலு நாள்ல அவ வீட்டுக்காரர் தெரு முனையில வந்து நிக்கிறார், எப்படின்னு பாத்தா அவ ஜிமெயில் அவர் போன்லயும் ஓபன்ல இருந்திருக்கு, லொகேஷன் அப்படியே போயிட்டிருந்திருக்கு. அதனால இன்னிக்கே பாஸ்வேர்ட மாத்துங்க, வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போய் எல்லாத்தையும் லாக்அவுட் பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர் மிரட்டி அனுப்புற மெசேஜ மட்டும் அழிச்சிடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்டுக்கு அனுப்பி வைங்க. வாசல்ல வந்து நின்னா கதவத் தொறக்காம போலீசுக்கு 112ல போன் போடுங்க.