பவுண்டை ரூபாயாக்கிப் பார்த்தே சனிக்கிழமைகள் போகின்றன

கேள்வி: தம்பி, எனக்கு ஊர் தேவகோட்டை. வயது 63. தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன், பென்ஷன் கிடையாது. கணவர் இல்லை. மகள் பிள்ளைப்பேற்றுக்காக மே மாதம் லண்டன் வந்தேன், அக்டோபர் கடைசியில் திரும்புகிறேன். இங்கே மேனர் பார்க் முருகன் கோயிலில் என்னைப் போலவே பேரன் பேத்தி பார்க்க வந்த நான்கு பேர் பழக்கமானார்கள். மகளும் மாப்பிள்ளையும் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைகளில் ஐந்து பேரும் சேர்ந்து காலையில் கிளம்பி, ஓர் ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடுகிறோம். கேம்பிரிட்ஜும் விண்ட்சரும் பார்த்தாயிற்று. தலைக்கு 50 பவுண்டு ஆகிறது, ரூபாயில் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. மகளிடம் கேட்கக் கூச்சம். டிக்கெட்டை ஒரு ஆச்சியின் மகன் அவர் கார்டில் எடுக்கிறார், ‘இந்தியாவில் இருக்கும் என் கணக்கில் ரூபாயாகப் போட்டுவிடுங்கள்’ என்கிறார். போன வருஷம் ஜனவரியில் தபால் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 12 லட்சம் போட்டேன். அதில் கொஞ்சம் எடுக்கலாமா, இல்லை ஊர் சுற்றுவதை நிறுத்திவிடவா?

பதில்: ஆச்சி, நிறுத்த வேண்டாம். டெபாசிட்டையும் தொட வேண்டாம்.

அந்தத் திட்டத்தில் ‘கொஞ்சம் எடுப்பது’ என்பதே கிடையாது. எடுத்தால் கணக்கை முழுசாக முடித்தாக வேண்டும். ஒரு வருஷம் தாண்டி இரண்டு வருஷத்துக்குள் முடித்தால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் 12 லட்சத்துக்கு அது 18,000 ரூபாய். ஊர் சுற்ற ஆகும் 40,000 ரூபாய் சொச்சத்துக்காக 18,000-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டு, உங்களைத் தாங்குகிற 8.2 சதவீத வட்டியையும் இழப்பது எந்தக் கணக்கிலும் நிற்காது.

ஆனால் அதே கணக்கிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வட்டி வருகிறதே, அதைக் கவனித்தீர்களா? ஏப்ரலில் ஒன்று வந்திருக்கும், ஜூலையில் இன்னொன்று வரும். இரண்டும் சேர்ந்து 49,200. மகள் வீட்டில் இருக்கிற இந்த ஆறு மாதமும் உங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை, தேவகோட்டை வீடும் பூட்டியிருப்பதால் மின்கட்டணம்கூடப் பெரிதாக வராது. வழக்கமாக இந்த வட்டி போகும் செலவெல்லாம் இப்போது நின்றிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் நீங்கள் ஊர் பார்க்க வேண்டும். ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு பயணம், மொத்தம் எட்டு, தலா 45 பவுண்டு, ஆக 43,200. வட்டிக்குள் அடங்கிவிட்டது. மற்ற சனிக்கிழமைகளில் லண்டனுக்குள்ளேயே பஸ்ஸில் போங்கள். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, அங்கே அமராவதிச் சிற்பங்கள் ஒரு தனிக்கூடம் நிறைய இருக்கின்றன. நேஷனல் கேலரியும் இலவசம்தான்.

இப்போது அந்த டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது அதுதான். அவர் அங்கே பவுண்டில் செலவு செய்கிறார், நீங்கள் அதற்கு ஈடாக இங்கே அவருடைய இந்தியக் கணக்கில் ரூபாய் போடுகிறீர்கள். நம் பக்கத்தில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும், உண்டியல், அதாவது வங்கி வழியாகப் போகாத பணமாற்று. தொகை சின்னது, அந்தப் பையனும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், யாரும் உடனே கதவைத் தட்டப் போவதில்லை. ஆனாலும் வெளிநாட்டில் வாங்கிய அந்நியச் செலாவணிக்கு ஈடாக இங்கே ரூபாய் கொடுப்பதை 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பவுண்டாகவே கொடுங்கள், அதுவும் அன்றைக்கு ராத்திரியே. எங்கள் ஐயா பினாங்கில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தவர், விளக்கை அணைப்பதற்கு முன்னால் அன்றைய சிட்டையை, அதாவது நாள் கணக்கை, முடித்துவிட வேண்டும் என்பார். நான்கு பயணம் சேர்ந்துவிட்டால் யார் காபி வாங்கினார்கள், யார் பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள் என்பதே மறந்துபோகும், வாய் திறந்து கேட்கவும் முடியாது, கடைசியில் நல்ல பழக்கம் கசந்துபோகும். கைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும் ரயிலிலேயே ஐந்து பேர் கணக்கையும் நேர் செய்துவிடுங்கள்.

பவுண்டு எங்கிருந்து வரும்? ஊரிலிருந்து கொண்டுபோன நோட்டுகள் மீதியிருந்தால் முதலில் அதைச் செலவழியுங்கள். அப்புறம் பவுண்டு ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துச் செலவழிக்கும் கார்டு. கையோடு கொண்டுபோயிருந்தால், பல வங்கிகளில் ஆன்லைனிலேயே உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஓடிபி வர வேண்டும், அதனால் இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஏடிஎம்மில் எடுப்பதாக இருந்தால் வாரா வாரம் 40, 40 என்று எடுக்காமல் ஒரே தடவையாக 200 எடுங்கள், ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் நுழைக்கவே கூடாது, வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

கடையில் கார்டைக் கொடுக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். இந்தியக் கார்டு என்று தெரிந்ததும் சில மெஷின்களின் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று பவுண்டில், இன்னொன்று ரூபாயில். நமக்குப் பழகிய காசைப் பார்த்ததும் கை தானாக ரூபாய்ப் பக்கம் போகும். அதைத் தொடாதீர்கள். அந்த ரூபாய்த் தொகை மெஷின்காரர் வைத்த விலை, கூடுதல் அதற்குள்ளேயே இருக்கும். எப்போதும் பவுண்டையே அழுத்துங்கள். சாதாரண இந்தியக் கார்டில் அப்படியும் மூன்று, மூன்றரை சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போகும், 45 பவுண்டுக்கு ஏறத்தாழ 220 ரூபாய். இரண்டு கூடுதலையும் சேர்த்துச் சுமக்க வேண்டாமே.

ரயிலுக்கு வருவோம். 60 தாண்டியவர்களுக்கு 35 பவுண்டில் சீனியர் ரயில்கார்டு இருக்கிறது, பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டவரும் வாங்கலாம், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். யாராவது வாங்கச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால், பல ரயில் கம்பெனிகளில் குரூப்சேவ் என்று அதே மூன்றில் ஒரு பங்கு சலுகை எந்தக் கார்டும் இல்லாமலே கிடைக்கிறது. நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டுக்குத்தான் அது, ஆனால் சனிக்கிழமைக்கு அந்தக் கவலை அனேகமாக இல்லை. இரண்டு சலுகையையும் ஒரே டிக்கெட்டில் சேர்க்க முடியாது. நீங்கள் ஐந்து பேர், அதனால் டிக்கெட் எடுக்கும் தம்பியிடம் குரூப்சேவ் போட்டிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். ஐந்து பேரில் பாதிப் பேர் ஊர் திரும்பி, நீங்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ போகும் நிலை வந்தால் அப்போது ரயில்கார்டைப் பற்றி யோசிக்கலாம். 105 பவுண்டுக்கு டிக்கெட் எடுத்தால்தான் அதன் விலை தேறும்.

விண்ட்சர் அரண்மனை போல உள்ளே நுழையவே 30 பவுண்டுக்கு மேல் கேட்கும் இடங்களை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை ஆளுக்கு நான்காகக் கட்டிக்கொண்டு போங்கள். ரொட்டியும் காபியும் வெளியே வாங்கினால் தலைக்குப் பத்து பவுண்டு சுலபமாகப் போய்விடும்.

பயணக் காப்பீடு எடுத்தீர்களா, எத்தனை நாளுக்கு எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். சுகர், பிரஷர் இருந்தால் அதைச் சொல்லி எடுத்திருக்க வேண்டும். அங்கே அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் படுக்கையில் சேர்த்துவிட்டால் உங்களைப் போல் குறுகிய காலத்துக்கு வந்தவர்களுக்குப் பில் போடுவார்கள், அதுவும் அவர்கள் செலவைப் போல் ஒன்றரை மடங்கு. அதைக் கட்டாமல் வந்தால் அடுத்த விசாவுக்கும் சிக்கல். பயணத்தைக் குறைத்தாவது இதைச் சரிசெய்யுங்கள்.

மகளிடம் கேட்கக் கூச்சம் என்றீர்கள். கேட்க வேண்டாம், ஆனால் இந்த 43,200 கணக்கைச் சொல்லிவிடுங்கள். அம்மா தன் வட்டிக் காசில் போய் வருகிறாள் என்று தெரிந்தால் அவருக்கும் மனது லேசாகும். அதற்குமேல் ஆசைப்பட்டு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஆக்ஸ்போர்டை இந்த எட்டில் கட்டாயம் சேருங்கள். ரயிலில் ஒரு மணி நேரம்தான். அஷ்மோலியன் மியூசியம் இலவசம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், வால்டன் தெருவை ஒட்டி, செயின்ட் செபல்கர்ஸ் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், அதற்கும் டிக்கெட் கிடையாது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் குறள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், மழைக்காலம் வலுக்கும் முன்னால் ஜூலையிலேயே போய் வந்துவிடுங்கள்.