வருவாய்த் துறைக்குப் பட்டா கொடுப்பது தவிர வேறென்ன வேலை?

பட்டா, சான்றிதழ் தவிர வருவாய்த் துறை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா விஏஓவாக, அதாவது கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்ததெல்லாம் தென்மாவட்டத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களில். அந்த வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: யார் பேரிலும் பட்டா இல்லாத நிலத்தைக் காப்பதுதான் அந்தத் துறையின் முதல் வேலை.

ஓர் ஊரின் மொத்த நிலமும் சர்வே எண் வாரியாக ‘அ’ பதிவேட்டில் இருக்கும். சில எண்களுக்கு நேரே மட்டும் ஆள் பெயர் இருக்காது. ஓடை, மேய்க்கால், களம், வண்டிப்பாதை, சுடுகாடு என்று ஒரே ஒரு சொல் இருக்கும். இதுதான் புறம்போக்கு, தீர்வைக் கணக்குக்கு, அதாவது நிலவரிக் கணக்குக்குப் புறத்தே போன நிலம். இந்தச் சொல்லை யாராவது வசவாகச் சொல்லிக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் வருவதும், ஆடு மாடு மேய்வதும், கதிர் அடிப்பதும், கடைசியில் ஊர்க்காரர்கள் போய்ச் சேருவதும் அந்த நிலத்தில்தானே.

அப்பா வேலை பார்த்த ஓர் ஊரில் கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் ஒன்றைக் காணவே காணோம். இரண்டு பக்கத்து நிலத்தையும் வைத்திருந்தவர் நடுவில் இருந்த காலையும் சேர்த்து உழுதுவிட்டார். நேரில் பார்த்தால் ஒரே வயல்தான். நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் மட்டும் அந்தக் கால் கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் சர்வேயரும் சங்கிலி பிடித்து அளந்துகொண்டே போனார்கள். சீமைக்கருவேல வேருக்கு அடியில், முழங்கால் ஆழத்தில், எல்லைக்கல் தலை தெரிந்தது. அன்று ராத்திரி கையெல்லாம் முள் கீறலோடு வந்து, “கல் இருக்குதும்மா” என்று மட்டும் சொன்னார்.

அந்த விவசாயி தன் பக்கம் ஆதாரமாகக் காட்டியது பி மெமோ ரசீதுகளை. பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பி மெமோ என்பது அரசு நிலத்தை அனுமதியில்லாமல் அனுபவித்ததற்குப் போடும் தண்டம். எத்தனை வருஷம் கட்டினாலும் அது உரிமை தராது. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அதன் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பார்கள், 6-ஆம் பிரிவில் வெளியேற்றுவார்கள். அந்தக் கால் திரும்ப வெட்டப்பட இரண்டு வருஷம் ஆனது.

சரி, கண்மாயைப் பார்ப்பது பொதுப்பணித் துறை இல்லையா என்று கேட்பீர்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் உள்ளவை பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையிடமும், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. கரை, மடை, கலுங்கு அவர்கள் பொறுப்பு. ஆனால் எது கண்மாய், அதன் எல்லை எதுவரை என்று சொல்லும் கணக்கு வருவாய்த் துறையுடையது. அந்தக் கணக்கில் ‘ஓடை’ என்பது ‘தரிசு’ என்று மாறினால் போதும், ஓடையைத் தன் பேருக்கு ஒப்படை செய்யச் சொல்லிக் கேட்டு ஆள் வந்துவிடும். நிலத்தைக் காப்பதும் நிலத்தை வழங்குவதும் ஒரே துறையின் கையில் இருப்பதில் எனக்கு உள்ள பயமும் இதுதான்.

இன்னொரு வருத்தமும் உண்டு. புறம்போக்குகளை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். சாதி, வருமானச் சான்று, தேர்தல், வெள்ளச் சேதக் கணக்கு எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும்போது அதற்கு எங்கே நேரம்? அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தார். எல்லோரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் ‘அ’ பதிவேட்டு விவரத்தை யாரும் பார்க்கலாம். உங்கள் ஊர் ஓடை, மேய்க்கால் எண்களைக் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான ஃபசலி ஆண்டு ஜூன் 30-ல் முடியும், அதை ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்கையெல்லாம் மேலதிகாரி விரித்து வைத்துப் பார்க்கும் நாள் அது. மனுவில் ‘எங்கள் ஊர் ஓடையை மறித்துவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதாமல் சர்வே எண்ணையும் எழுதிக் கொடுங்கள், அப்புறம் ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.