கவிதை வரியைப் பதக்கத்தில் பொறிக்கும்போது...

கேள்வி: செம்பில் எழுத்தை நன்றாக அரித்த ஃபெரிக் குளோரைடு (உலோகத்தை அரிக்கும் உப்புக் கரைசல்), வெள்ளியில் வேலை செய்யவில்லையே? செம்பிலும் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் ஒரே குழியாகிவிடுகின்றன.

பதில்: வெள்ளியின் மேல் கரையாத சில்வர் குளோரைடு படலம் படிந்து அரிப்பை நிறுத்திவிடும். வெள்ளிக்கு ஃபெரிக் நைட்ரேட் கரைசல்தான் சரி. சில மணி நேரம் பொறுக்க வேண்டும்.

சுழி அடைவதற்குக் காரணம், அரிப்பு கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் போவது. 0.2 மி.மீ. ஆழம் அரித்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய அதே அளவு தின்றுவிடும். ஆகவே சுழிக்குள் அரிபடாமல் மிஞ்ச வேண்டிய உலோகத் திட்டு, வரைபடத்திலேயே 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நீள வரியைச் சிறிய தகட்டில் திணிக்காதீர்கள். இரண்டே சொல்லைப் பெரிதாக வைத்தால் கவிதையும் மூச்சுவிடும், புள்ளிகளும் பிழைக்கும்.

தகடு 1 மி.மீ. இருக்கட்டும். பின்புறத்தையும் ஓரங்களையும் டேப்பால் மூடி, பிளாஸ்டிக் தட்டில் எழுத்துமுகம் கீழ்நோக்கி மிதக்கவிடுங்கள். அரிபட்ட கசடு குழியில் தங்காமல் உதிரும். 15 நிமிடத்துக்கொரு முறை பாருங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கரைசலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது.

கேள்வி: பதக்கத்தில் ரெசினுக்குள் (ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) வைத்த புத்தகத்தாள் எண்ணெய் பட்டதுபோல் ஆகிறது. ஏன்?

பதில்: தாள் ரெசினை உறிஞ்சுகிறது. இருபுறமும் விளிம்பிலும் வெள்ளைப் பசையை இரண்டு, மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய வேண்டும். இன்க்ஜெட் அச்சு கலங்கும். லேசர் அச்சே நல்லது.