கேடயத்தை உடைக்கலாம், அடுக்கி வைக்கக் கூடாது

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிச் சண்டை போடும் கதை விளையாட்டு). கேடயத்தை உடையவிட்டு ஓர் அடியின் சேதத்தை முழுக்கத் தவிர்க்கலாம் என்று ஹவுஸ் ரூல், அதாவது புத்தகத்தில் இல்லாத எங்கள் சொந்த விதி, வைத்தோம். இப்போது ஒருவர் முதுகில் ஆறு கேடயம் கட்டிக்கொண்டு வருகிறார். ரூலை எடுத்துவிடலாமா? (கல்லூரி மாணவர், தக்கலை)

எடுக்க வேண்டாம், தம்பி. ரூல் நல்ல ரூல்தான், அதற்கு விலை வைக்க மறந்துவிட்டீர்கள். கேடயம் மாட்ட ஓர் ஆக்‌ஷன் ஆகும், அதாவது சண்டையில் தன் முறை வரும்போது செய்யக்கூடிய முக்கியச் செயல் அதிலேயே போய்விடும். ஒன்று உடைந்தால், அடுத்ததை மாட்டுகிற அந்த முறை அவர் வாள் வீச முடியாது. இதைக் கறாராகப் பிடியுங்கள். கையில் ஒன்று, முதுகில் ஒன்று, அதற்கு மேல் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

எடையைக் காட்டித் தடுக்க முடியாது. கேடயம் 6 பவுண்டு. பலம் 16 உள்ள கேரக்டர் 240 பவுண்டு சுமக்கலாம் என்கிறது புத்தகம். முதுகில் ஆறு கேடயத்தோடு உதயகிரிக் கோட்டைக் குன்றில் யாராவது ஏறிப் பார்த்துவிட்டு இதை எழுதியிருக்கலாம்.

கேடயம் பாதுகாப்பு எண்ணில் 2 கூட்டும். 'வெறும் +2 தானே' என்று இன்னும் சலுகை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அடிக்க எதிரி உருட்டும் இருபது முகப் பகடையில் 17 விழ வேண்டிய இடத்தில் கேடயம் இருந்தால் 19 விழ வேண்டும். இருபதில் நான்கு அடி இரண்டாகிவிடும், பாதிக்குப் பாதி!

மாயக் கேடயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அது ஒரேயடியாக உடையக் கூடாது. சாதாரணக் கேடயத்தின் +2-க்கு மேல் மாயத்தால் கூடும் பிளஸ், தாங்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒன்று குறையட்டும். +2 மாயக் கேடயம் +1 ஆகும், அப்புறம் சாதாரணக் கேடயம், அதற்குப் பிறகுதான் உடையும். போன பிளஸ் கொல்லனிடம் கொடுத்தாலும் திரும்பாது. இதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். சண்டை நடுவில் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

முக்கியமான ஒன்று. 'ஷீல்டு ரூல் பேக்' என்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் விற்பவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நானே 600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வந்தது இலவசமாகக் கிடைக்கும் ரூலின் நகல். எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். கேடயத்தின் +2 ஓர் அட்டவணையில், மாட்டும் நேரம் வேறோர் அட்டவணையில் என்று பிரித்துப் போட்டிருப்பதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. சேர்த்து ஒரே வரியில் எழுதினால் என்ன கெட்டுவிடும்? அந்த இரண்டு அட்டவணையையும் பிரிண்ட் எடுத்து, முதலில் ஆறு கேடயக்காரரிடம் கொடுங்கள்.