கொடுத்தோமா, கொடுக்கவில்லையா? யூதச் சட்டம்: கேள்வி-பதில்

கேள்வி: குழாய் ரிப்பேருக்கு 350 ஷேகல் (இஸ்ரேல் பணம்) பேசினோம். கொடுத்த மாதிரியும் இருக்கிறது, கொடுக்காத மாதிரியும் இருக்கிறது. பணம் வரவில்லை என்கிறார் பிளம்பர். (ஜெருசலேம்)

பதில்: கொடுங்கள். கடன் பட்டது நிச்சயம், தீர்த்ததில்தான் சந்தேகம். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, தன் பாவா காமா பகுதியின் 10ஆம் அதிகாரத்தில் இதை முடித்துவிட்டது. ரசீது வாங்காதவருக்கு என்னிடம் ஆறுதல் கிடையாது.

கேள்வி: நான்கு மாதம் முன்பு ஒரு மாலை எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டதாக ஒரு பெண் 120 ஷேகல் கேட்கிறாள். வந்தாளா என்றே நினைவில்லை. (ஹைஃபா)

பதில்: இங்கே கடன் உண்டா என்பதே சந்தேகம். ஒருவர் 'நிச்சயம்' என்கிறார், மற்றவர் 'தெரியாது' என்கிறார். மிஷ்னாவை விவாதிக்கும் தல்முதில் ரவ் ஹூனா, ரவ் யெஹூதா என்ற அறிஞர்கள் நிச்சயமாகச் சொல்பவர் பக்கம். ரவ் நக்மானும் ரபி யோகனானும் பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். சட்டம் இவர்கள் வழியில் போனது. யூதச் சட்டநூலின் பணவழக்குப் பகுதியான ஹோஷென் மிஷ்பாத் 75இன்படி, 'எனக்குத் தெரியாது' என்று சத்தியம் செய்தால் பேத் தின் (யூத நீதிமன்றம்) உங்களை விட்டுவிடும். வானத்தின், அதாவது கடவுளின், கணக்கும் தீர வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள்.

வாயைத் திறக்கும்போது கவனம். அவள் இரண்டு மாலை வந்ததாகச் சொல்லி, நீங்கள் "ஒன்று தெரியும், மற்றது தெரியாது" என்றால் கதையே வேறு. பாதியை ஒப்புக்கொண்டவர் மீதியை மறுத்துச் சத்தியம் செய்தாக வேண்டும். தெரியாததை எப்படி மறுப்பது? சத்தியம் செய்ய முடியாததால் இரண்டுக்கும் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு எரிச்சல் இதில் இல்லை. பகல் கூலியை அந்த இரவு விடிவதற்குள், இரவுக் கூலியை மறுநாள் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது சட்டம். பைபிளின் உபாகமம் 24:15 இன்னும் கறாராகச் சொல்கிறது. நாமோ "அடுத்த வாரம் வா, சில்லறை இல்லை" என்கிறோம். நான்கு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? அலைகிறவள் அவள்தான்.

கேள்வி: என்னிடம் பணம் வாங்கவேண்டியவரே கேட்கவில்லை. மறந்திருப்பாரோ? (பினெய் ப்ராக்)

பதில்: அவர் மறந்தால் உங்கள் கடன் அடைந்துவிடுமா?

கேள்வி: நான் சொல்லாமலே தோட்டக்காரர் மரக்கிளையை வெட்டிவிட்டுக் கூலி கேட்கிறார். (ஹைஃபா)

பதில்: எப்படியும் வெட்டவேண்டிய மரமென்றால் ஊர்க்கூலி கொடுங்கள். "சும்மாதானே செய்தாய்" என்று சொல்ல முடியாது என்கிறார் அந்தச் சட்டநூலுக்குக் குறிப்பு எழுதிய ரெமா (ஹோஷென் மிஷ்பாத் 264:4). வெட்டத் தேவையே இல்லாத மரமென்றால் அவருக்கு ஆன செலவு, உங்களுக்குக் கிடைத்த பலன், இரண்டில் எது குறைவோ அது. அடுத்த தடவை முதலிலேயே ரேட் பேசுங்கள். பேசாமல் அலமாரி செய்யக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

கேள்வி: படிக்கிற காலத்தில் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போயிருக்கிறேன். எத்தனை தடவை என்று தெரியாது. (டெல் அவீவ்)

பதில்: கொஞ்சம் கூடுதலாகவே உத்தேசம் போட்டு, அதே கம்பெனியில் அத்தனை டிக்கெட் வாங்கிப் பயன்படுத்தாமல் விடுங்கள். ரவ்-காவ் பயணக் கார்டில் பணம் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டால் கட்டியதாகாது. அது இன்னும் உங்கள் பணம்.