டாக்டரம்மா பதில்கள்: கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். போன மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்த பத்தாம் நாள், சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை என்று கேள்விப்பட்டு ரத்தம் கொடுத்தேன். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. தைராய்டுக்கான டி.எஸ்.எச். மட்டும் 7.2 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. டி4 சரியான அளவில்தான் இருக்கிறது. மருந்துக் கடையில் காட்டினேன். "50 மைக்ரோகிராம் போடுங்கள் அக்கா, இனி ஆயுசுக்கும் போடவேண்டியதுதான்" என்று ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வாங்கி வந்தேன், இன்னும் திறக்கவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தொண்டையில் உருண்டை போல ஏதோ நிற்கிறது. கைப்பேசியில் தேடினால் சோர்வு, முடி உதிர்வு, மலச்சிக்கல், வியர்வை, படபடப்பு என்று அதில் போட்டிருக்கும் எல்லாமே எனக்கு இருப்பதாகப் படுகிறது. ஒரு நாளில் இருபது தடவையாவது கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். என் அம்மாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் செய்த தழும்பு உண்டு. கடைசிவரை அதைச் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருந்தார். எனக்கும் அதுதானா? மாத்திரையை ஆரம்பிக்கட்டுமா? கழுத்து ஸ்கேனும் எடுத்துவிடலாமா?

பதில்: டப்பாவைத் திறக்காமல் வைத்தீர்களே, அது ஒன்றே போதும், உங்கள் புத்தி பயத்தை விடப் பெரியது என்று சொல்ல. இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும்.

7.2 என்றால் என்ன? வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி ஒருவர் நிற்பாரல்லவா, அவர் குரல்தான் டி.எஸ்.எச். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து "வேலையைப் பார்" என்று போடும் சத்தம். தைராய்டு செய்து முடித்த வேலைதான் டி4. உங்கள் ரிப்போர்ட்டில் மேஸ்திரியின் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. பெரும்பாலான லேப்களில் 4, 4.5 வரை சரி என்பார்கள். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை நின்றுபோய் மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினால் அது வேறு விஷயம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் அடிக்கோடிட்டேன்: "எழுந்த பத்தாம் நாள்." காய்ச்சலில் கிடந்து உடம்பு தேறும் நாட்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். உடம்பு மறுபடி வேலைக்குத் திரும்பும்போது மேஸ்திரி கூடுதலாக அதட்டுகிறார், அவ்வளவே. அதுபோக, இந்த எண் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். நள்ளிரவை ஒட்டி அதிகம், பிற்பகலில் குறைவு. ஆகவே ஒரே ஒரு ரத்தத் துளியை வைத்து ஆயுள் தண்டனை எழுதக்கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, அதே லேபில், காலையில் அதே நேரத்தில் டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் மறுபடி பாருங்கள். கூடவே தைராய்டு எதிர்ப்புப் புரதத்தையும் (டி.பி.ஓ.) ஒரு முறை பார்த்துவிட்டால், எதிர்காலத்தில் சுரப்பி சோர வாய்ப்பு கூடுதலா என்பது தெரியும். இந்த அளவில் இருப்பவர்களில் பலருக்கு எதுவும் செய்யாமலே அடுத்த பரிசோதனையில் எண் இறங்கிவிடும். 10ஐத் தாண்டி நிற்கிறது, அல்லது டி4 குறைந்திருக்கிறது என்றால் மருத்துவர் மாத்திரை தருவார். இடைப்பட்ட அளவில் நின்றால், உங்கள் வயது, தொந்தரவு, டி.பி.ஓ. எல்லாம் பார்த்து அவர் முடிவு செய்வார். மருந்துக் கடைக் கல்லாவில் செய்யும் முடிவல்ல அது. அந்தத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் தேவையில்லாத உடம்பில், அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் (டி4தான் அது) அளவு மிஞ்சினால் என்ன ஆகும் தெரியுமா? படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. எதற்குப் பயந்து மாத்திரை போடுகிறீர்களோ அதையே காசு கொடுத்து வாங்குவீர்கள்.

இனி உங்கள் பட்டியல். சோர்வும் மலச்சிக்கலும் தைராய்டு சோம்பினால் வருபவை. வியர்வை, படபடப்பு, நடுக்கம் மூன்றும் தைராய்டு தறிகெட்டு ஓடினால் வருபவை. நீங்கள் இரண்டு பட்டியலிலும் சரி போட்டிருக்கிறீர்கள். 7.2 காட்டும் சுரப்பி அப்படி ஓடாது. நெஞ்சில் அடிப்பது பயம், அம்மா. பொய்யான வலி என்று நான் சொல்லவில்லை. இதயம் உண்மையாகவே வேகமாகத்தான் அடிக்கிறது. அடிக்க வைப்பது கழுத்துச் சுரப்பி இல்லை என்கிறேன்.

தொண்டை உருண்டைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். எச்சில் விழுங்கும்போது நிற்கிறதா, சோறு விழுங்கும்போது நிற்கிறதா என்று கவனியுங்கள். ரசம் சோறு வழுக்கிக்கொண்டு இறங்கி, சும்மா இருக்கும்போது மட்டும் உருண்டை திரும்ப வந்தால், அது பெரும்பாலும் பயத்தில் தொண்டைத் தசை இறுகுவது. போதாததற்கு, நாளுக்கு இருபது தடவை அமுக்கினால் எந்தக் கழுத்தும் வலிக்கும். வலித்தால் மறுபடி தொடத் தோன்றும். பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காக ஒரே ஒரு தடவை பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதாவது புடைப்பு விழுங்கும்போது மேலேறி இறங்குகிறதா? இல்லையென்றால் அடுத்த ரத்தப் பரிசோதனை நாள் வரை கழுத்துக்கு விடுமுறை. இருந்தால், அல்லது சோறு இறங்கச் சிரமப்பட்டால், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால், எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அந்த எண்ணம் இருந்தாலோ இதே 7.2க்குக் கணக்கு வேறு, உடனே போகவேண்டும்.

அம்மாவின் தழும்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கனம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிறுமியாக இருந்தபோது அதைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் மூடி வைத்தது பயமாக வளர்ந்திருக்கிறது. நான் மருத்துவம் படித்த நாட்களில் எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் கழுத்துக் கழலையோடு பெண்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். உணவில் அயோடின் குறைந்தது பலருக்குக் காரணம். 1962லேயே அரசு இதற்கென்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அயோடின் கலந்த உப்பு வீடுவீடாக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. கழலை பெரிதாகி மூச்சுக்குழாயை நெருக்கினால் கத்தி வைப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அதுவா, வேறு கட்டியா என்று இங்கிருந்து எனக்குச் சொல்லத் தெரியாது. பெரியம்மா, சித்தி யாரிடமாவது கேளுங்கள், பழைய மருத்துவமனைச் சீட்டு பெட்டியில் கிடைக்கலாம். தைராய்டுக் கோளாறு குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்பதால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆனால் டி.எஸ்.எச். ஏறியிருப்பதற்கும் ஆபரேஷனுக்கும் நேர்வழி கிடையாது. சோம்பிய சுரப்பிக்கு மருந்து மாத்திரைதான், கத்தி இல்லை.

அதனால்தான் ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள் என்கிறேன். நல்ல ஸ்கேன் மெஷினில் பார்த்தால் நம்மில் ஏராளமானவர்களின் தைராய்டில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும்; பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. தென்கொரியாவில் நலமாக இருப்பவர்களுக்கெல்லாம் கழுத்து ஸ்கேன் எடுக்கும் வழக்கம் பரவியபோது, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கு ஆனார்கள். அதனால் இறப்பவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. தேடியதால் கிடைத்தவைதான் அவ்வளவும். மருத்துவர் கழுத்தைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னால் எடுங்கள். நீங்களாகப் போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

"ஆயுசுக்கும்" என்ற சொல்லில் நீங்கள் உடைந்துபோனது எனக்குப் புரிகிறது. நானும் அப்படி உடைந்தவள்தான். 2001ல் எனக்கு 43 வயது. சித்திரை வெயிலில் மதுரை கொதிக்கும்போது வார்டில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தவள் நான். "டாக்டரம்மா, உங்களுக்கு ரத்தம் எடுக்கட்டுமா?" என்று கேட்டது ஒரு நர்ஸ்; எனக்குத் தோன்றவில்லை. டி.எஸ்.எச். 60ஐத் தாண்டியிருந்தது. டியூட்டி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சாதாரணமாக எழுதிக் கொடுத்த மாத்திரைதான், என் கைக்கு வந்ததும் கனத்தது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், அதன் அருகில் டப்பா. ஐந்தேகாலுக்கு ஒரு மாத்திரை. ஆறு மணிக்கு ஃபில்டர் காபி. இரண்டுக்கும் நடுவே அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு ஒரே கஷ்டம்.

மாத்திரையில் இருப்பது ஸ்டீராய்டு இல்லை. உங்கள் சுரப்பி செய்யும் அதே தைராக்சின், வெளியிலிருந்து வருகிறது. 1891ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், தைராய்டு ஓய்ந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் 1919ல், 74 வயதில்தான் இறந்தார். 28 வருடத்தில் 870க்கும் மேற்பட்ட ஆடுகள் அவருக்காகச் செலவாயின. எனக்கு வருடத்துக்கு நான்கு டப்பா.

இந்த எட்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆசிரியை நீங்கள், பழைய நோட்டு கிடைக்காமல் போகாது. நோயைப் பற்றிய நினைப்பு எப்போது வந்தாலும் "மாலை ஆறு மணிக்கு" என்று அதில் ஒரு வரி எழுதி ஒத்திப்போடுங்கள். ஆறு மணிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் படித்து, ஆசை தீரப் பயப்படுங்கள். அதற்குப் பிறகு கைப்பேசியில் தேடக்கூடாது. கேள்வி இருந்தால் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், மருத்துவரிடம் கேட்கலாம். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருக்கவேண்டும், இழுப்பது அல்ல. இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பதற்றமும் மருத்துவம் பார்க்கவேண்டிய ஒன்றுதான். அதற்குத் தைராய்டின் அனுமதி தேவையில்லை.

கேள்வி: எனக்கு வயது 27, ராமநாதபுரம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகச் சொல்லி கார்பிமசோல் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாகியும் நடுக்கம் நிற்கவில்லை. உள்ளே இருந்த தாளில் ரத்த வெள்ளை அணுக்கள் குறையலாம் என்று படித்ததிலிருந்து மாத்திரையை எடுக்கவே கை வரவில்லை.

பதில்: தம்பி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். புதிதாகச் சுரப்பதைத்தான் கார்பிமசோல் தடுக்கும். ஏற்கெனவே செய்து சுரப்பியில் சேர்த்து வைத்த சரக்கு தீர மூன்று, நான்கு வாரமாவது ஆகும். அதுவரை நடுக்கத்துக்குத் தனி மாத்திரை உண்டு. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

வெள்ளை அணு விஷயம் உண்மை. ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். தாளை மடித்து வைத்துவிட்டு இது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை அப்போதே நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கவேண்டும். இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தாலும் அப்படியே. வீட்டில் இன்னொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறேன். தைராய்டு பரிசோதனைக்கு முன் நிறுத்தவேண்டும் என்கிறாள் தோழி. முட்டைக்கோஸும் ஆகாதாமே?

பதில்: தோழி சொன்னது சரி. சில லேப் முறைகளில் பயோட்டின் குறுக்கே விழுந்து டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அதிக அளவில் எடுப்பவர் என்றால் எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள். முட்டைக்கோஸைப் பச்சையாகக் கிலோ கணக்கில் தின்றால்தான் யோசிக்கவேண்டும். நாம் செய்யும் பொரியலுக்கு ஒரு தடையும் இல்லை. தேங்காயும் போட்டுக்கொள்ளலாம்.